கூட்டத்தில் சேராத நட்சத்திரங்கள்

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவன், விசாரிக்க வந்ததாகச் சொல்லவே மாட்டான். தக்காளி என்ன விலை என்பான். கறவை மாடு விற்பனைக்கு இருக்கிறதா என்பான். போன வருடம் அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த இருவர் இன்சூரன்ஸ் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு, என் தம்பி மகள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பதுவரை தெருவில் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சம்பந்தம் கலைந்துபோனது. யார் என்ன சொல்லிக் கலைத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அதன்பிறகு கார் சத்தம் கேட்டால் நான்தான் முதலில் வாசலுக்குப் போவேன். மற்றவர்கள் பேசி எதையாவது கெடுக்க வேண்டாம்.

என் பெயர் நஞ்சப்பன். பாலக்கோட்டுக்கு மேற்கே எங்கள் ஊர். நான் ஊர்க்கவுண்டன்; எனக்கு முன் என் அப்பா. பஞ்சாயத்தில் சொன்ன வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. அதைத் தவிரப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எங்களிடம் என்ன இருக்கிறது? தக்காளியும் கரும்பும் எல்லோரும்தான் போடுகிறார்கள்.

என் தம்பி தர்மன் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவன் மகள் தேவிப்பிரியா வீட்டுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே இங்கிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னாள். கூடத்தின் மூலையில் மேசை போட்டு லேப்டாப்பை வைத்தாள். நெட் இணைப்புக்கு ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டச் சொன்னாள். மாட்டினோம்.

அடுத்த நாளே நான் என் நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்றால், அந்த லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. தினமும் வந்தது. பாதி இங்கிலீஷ், பாதி கோயமுத்தூர்த் தமிழ். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் ப்ரொபசர் என்றாள்; மாதவராஜ் சார் என்று கூப்பிடுவாள். சார் என்று கூப்பிட்டுவிட்டால் போதுமா? பேரிகை என்ற ஊரில் ஒரு பெண் டியூஷன் சாருடன்தான் ஓடிப்போனாள். இருபத்தெட்டு வயதுப் பெண், கல்யாணம் ஆகாதவள், ஒருவனோடு தினமும் அவ்வளவு நேரம் பேச உலகத்தில் என்ன விஷயம் இருக்க முடியும்? நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தேன்.

திரையில் எப்போதும் புள்ளிகள். கேழ்வரகு சிந்தியதுபோல இருக்கும்.

"அது என்னாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நட்சத்திரங்க பெரியப்பா. நம்ம பால்வீதிக்குப் பக்கத்துல மெகல்லன் மேகம்னு ரெண்டு சின்ன நட்சத்திர மண்டலம் இருக்கு. அதுல சின்னதுல, கூட்டம் கூட்டமா இருக்கற நட்சத்திரங்களுக்கு வயசு கண்டுபிடிக்கறேன்."

"எங்க இருக்குது? ராத்திரி காட்டு, பாக்கறேன்."

"நம்ம ஊர்ல இருந்து தெரியாது. ரொம்பத் தெக்கால போகணும். சிலி நாட்டுல இருக்கற டெலஸ்கோப்புல எடுத்த படம் இது."

இங்கிருந்து தெரியாத ஒன்றை இவள் பகலில், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஓர் ஆணோடு பேசிப் பேசி ஆராய்கிறாள். என் சந்தேகம் குறைந்திருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர் பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் வாழாதவர்.

"அதுக்கெல்லாம் எப்படி வயசு சொல்லுவ? ஜாதகமா இருக்குது?"

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "கல்யாணத்துல பந்தி போடறாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல உக்கார்றாங்க. வேகமா சாப்பிடறவங்க மொதல்ல எழுந்து போயிடுவாங்க. மெதுவா சாப்பிடறவங்க கடைசி வரைக்கும் இருப்பாங்க. நீங்க நடுவுல வந்து பாத்தா, யார் யார் எலை காலியா இருக்கு, யாரு இன்னும் மோர் சோறு சாப்பிடறாங்கன்னு பாத்து, பந்தி போட்டு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு சொல்லிட மாட்டீங்களா?"

"சொல்லலாம்."

"அவ்ளோதான். ஒரு கூட்டத்துல இருக்கற நட்சத்திரமெல்லாம் ஒண்ணா பொறந்தது. கனமா, பளிச்சுன்னு இருக்கறது சீக்கிரம் எரிஞ்சு போயிடும். சின்னது ரொம்ப காலம் இருக்கும். எதெல்லாம் போயிடுச்சு, எது பாக்கி இருக்குன்னு பாத்தா அந்தக் கூட்டத்தோட வயசு."

நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து புள்ளிகளையும் கொஞ்சம் கவனித்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இப்படி வயது சொல்வதில் பெரிய தொல்லை வேறு ஒன்று என்றாள். கூட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் சம்பந்தமில்லாத நட்சத்திரங்கள் நிற்கும். படத்தில் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். அவற்றைப் பிரித்து வெளியே தள்ளாவிட்டால் வயது தப்பாக வரும். யார் நம் வகையறா, யார் வந்து ஒட்டிக்கொண்டவன் என்று பிரிப்பது எனக்குத் தெரியாத வேலை அல்ல. குலதெய்வக் கோயில் வரி வாங்கும்போது வருடா வருடம் செய்வதுதான்.

மாசியில் ஒருநாள் முற்பகல், அவள் குரல் உயர்ந்தது.

"இல்ல சார்! அந்த ஏழெட்டும் கூட்டத்துல சேராது. வெளிய இருந்து வந்து நிக்கறது."

"நீங்க சும்மா கற்பனை பண்ணாதீங்க," என்றது அந்தக் குரல். "அதெல்லாம் உள்ள இருக்கறதுதான். பளிச்சுன்னு இருக்கு, கூட்டம் இளசு. பத்துக் கோடி வருஷம். முடிச்சிட்டு அடுத்ததப் பாருங்க."

"மத்ததெல்லாம் ஒரு பக்கம் நகருது, இது மட்டும் வேற பக்கம் நகருது சார். இத எடுத்துட்டுப் பாத்தா கூட்டத்துக்கு நாப்பது கோடி வருஷம் வருது. நீங்க சொல்றதுக்காக நான் பொய் எழுத முடியாது."

அவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஒரு பெண் ஓர் ஆணிடம் அழுதபடி சண்டை போடுகிறாள் என்றால் அது எதில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாதா? எழுந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்த நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். திரை ஓரத்தில் தபால்தலை அளவுக்கு மங்கலாகத் தெரிந்த அந்த ஆள் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டான். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"நெட்டு போச்சு," என்று அவள் உள்ளே புலம்புவது கேட்டது. மொபைலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சாயந்தரம் வரை அங்கேயே உட்கார்ந்து எதையோ எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். இருட்டியபிறகு நான் ஒயரைத் திரும்பச் செருகினேன். யாருக்கும் தெரியாது.

அந்தக் குரல் பிறகு குறைந்தது. வைகாசியில் நின்றே போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த நிலையில்தான் ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. தேவிப்பிரியாவும் அவள் அம்மா சசிகலாவும் தர்மனைக் கூட்டிக்கொண்டு இடுப்புப் பயிற்சிக்காகத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் ஒருவன்தான்.

இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்.

"ஐயா வணக்கம். என் பேரு இளம்பரிதி. தேவிப்பிரியா வேலை பாக்கற இடத்துல நானும் ப்ரொபசர். சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறேன். வழிதானேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கல்யாணம், வழிதானே. இதைவிட நன்றாக அரூர்க்காரர்கள் பொய் சொன்னார்கள்.

"ஒக்காருங்க. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. காபி போடச் சொல்றேன்." பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட எழுந்தேன்.

"இல்லீங்க, காபி வேணாம்."

"மோரு?"

"எதுவும் வேணாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சமயத்துல நான் எதுவும் சாப்பிடக் கூடாது."

அவ்வளவுதான், விளங்கிவிட்டது. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நம் வழக்கம் தெரிந்த மனிதர்தான். கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

அவர் கூடத்து மூலையைப் பார்த்தார். "இங்கதான் ஒக்காந்து வேலை பாப்பாங்களா?"

"வேலையா? அப்பனப் பாத்துக்க வந்த பொண்ணுங்க. வூட்டு வேலை எல்லாம் அவதான்."

"மாதவராஜ்னு ஒருத்தர். அவரோட அடிக்கடி பேசுவாங்களா?"

பெயர்வரை தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். போன சம்பந்தம் கலைந்ததும் இதனால்தானா?

"யாருங்க அது? அப்படி யாரும் கிடையாது."

"இல்ல, ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆராய்ச்சி..."

"சேந்தா?" குரலை உயர்த்தாமல் சொன்னேன். "எங்க பொண்ணு எந்த ஆம்பளயோடயும் சேந்து எதுவும் செய்யலீங்க. அவரு ஏதாச்சும் செஞ்சாருன்னா அது அவரு வேல. இவளுக்கு அதுல சம்பந்தம் கெடையாது. அந்தக் கம்ப்யூட்டர் சும்மா படம் பாக்கறதுக்கு. கல்யாணம் ஆனா அதையும் விட்டுடுவா."

"நிச்சயமா சொல்றீங்களா ஐயா? இது முக்கியமான விஷயம்."

"நான் இந்த ஊர்க்கவுண்டன். என் வார்த்தை போதாதா?"

அவர் இன்னொரு முறை கூடத்து மூலையைப் பார்த்தார். பிறகு வணங்கிவிட்டுப் போய்விட்டார். மகளைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு நான் சாப்பிட்டேன்.

மறுநாள் தோட்டத்தில் தக்காளியைக் கிரேட்டில் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது தேவிப்பிரியா மொபைலோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பெரியப்பா, நேத்து இளம்பரிதி சார் வந்தாரா?"

"வந்தான். மாப்ள வூட்டு ஆளு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? காபி குடிக்கல, மோர் குடிக்கல."

"ஐயோ!" அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "விசாரணைக்கு வந்தவரு பெரியப்பா. புகார் குடுத்தவங்க வூட்ல கை நீட்டி எதையும் வாங்கக் கூடாதுன்னு குடிக்கல."

பிறகு அவள் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். அந்த ஏழெட்டு நட்சத்திரங்களை வெளியே தள்ளி, கூட்டத்துக்கு நாற்பது கோடி வயது என்று சொல்வது இவள் கண்டுபிடித்தது. அதேபோல இன்னும் பல கூட்டங்களுக்கும் வயது மாறிற்றாம். வேண்டாம் என்று சண்டை போட்ட மாதவராஜ், வைகாசியில் அதே விஷயத்தைத் தன் பெயரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார். இவள் பெயரே அதில் இல்லை. இவள் புகார் கொடுத்தாள். மாதவராஜோ, அந்தப் பெண் லீவில் வீட்டில் சும்மா இருந்தாள், யோசனை என்னுடையது, மாசியில் நெட்டில் பேசும்போது நான்தான் அவளுக்கு விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன், அதைத்தான் அவள் அன்று மாலை எனக்கே எழுதி அனுப்பினாள் என்கிறார். மூன்று பேர் விசாரிக்கிறார்கள். புகார் நிற்காவிட்டால் நான்கு வருடப் படிப்பு போச்சு, பட்டம் கிடையாது.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வம்பு, திரும்பி வந்துடுன்னு சொல்லியிருப்பீங்க."

உண்மைதான்.

"போன் போட்டுக் குடு. நான் சொல்றேன், தெரியாம சொல்லிட்டேன்னு."

"போன்ல சொன்னா நான் மெரட்டிச் சொல்ல வெச்சேன்னு மாதவராஜ் சொல்லுவாரு. வுடுங்க. சொன்ன வார்த்தைய மாத்தாத குடும்பமாச்சே நாம."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெங்களூரில் விசாரணை. காலையிலேயே வேட்டி மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போய்ச் சேரும்வரை சன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். ஒயர் விஷயத்தை அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். சொல்லவில்லை.

அறையில் விசாரிக்கிறவர்கள் மூன்று பேர். நடுவில் பானுமதி என்ற வயதான அம்மாள், அவர்தான் தலைவர். ஒரு பக்கம் இளம்பரிதி, மறுபக்கம் இன்னொருவர். எதிரே மாதவராஜ். தபால்தலை அளவில் பார்த்துவிட்டு நான் மனதில் வரைந்து வைத்திருந்த மீசைக்காரன் இல்லை. வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி, என் தம்பி வயது. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அந்தப் பணிவையும் நான் நம்பவில்லை.

"ஐயா, இப்ப நீங்க சொல்லுங்க," என்றார் பானுமதி அம்மாள். நல்லவேளை, தமிழில்.

இளம்பரிதி காபி குடிக்காததை வைத்து நான் மாப்பிள்ளை வீடு என்று நினைத்ததைச் சொன்னேன். மூன்றாவது ஆள் சிரிப்பை அடக்கினார். இளம்பரிதி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, அவள் தினமும் அந்த மேசையில் உட்கார்ந்து வேலை செய்ததையும், மாசிச் சண்டையையும் சொன்னேன். "அந்த ஏழெட்டும் வெளி ஆளுன்னு சொன்னது எங்க பொண்ணு. உள்ள இருக்கறதுதான், முடின்னு சொன்னது அவரு."

"ஐயா," என்றார் மாதவராஜ் மெதுவாக. "மரியாதையோட கேக்கறேன். ரெண்டு நாளைக்கு முன்னாடி, அவ வேலையே செய்யலன்னு ஊர்க்கவுண்டர் வார்த்தையாச் சொன்னீங்க. இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க. ஆரம்பத்துல நான் ஒத்துக்காம இருந்திருக்கலாம். பேசப் பேசத் தெளிவாச்சு. அந்தப் பேச்சு முடியறதுக்குள்ள எப்படிப் பிரிக்கணும்னு நான்தான் முழுசாச் சொல்லிக் குடுத்தேன். நீங்க முழுசும் கேட்டீங்களா?"

"அந்தப் பேச்சு முடியவே இல்ல," என்றாள் தேவிப்பிரியா. "பாதியில நெட் போயிடுச்சு. எத்தன தடவ சொல்றது?"

"போகல மேடம். எனக்கு ஞாபகம் இருக்கு."

பானுமதி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த அழைப்புக்குப் பதிவு எதுவும் எங்களுக்குக் கிடைக்கல. போச்சுன்னு இவங்க, போகலன்னு அவரு. வேற எதுவும் இல்லன்னா..."

"போச்சுங்க," என்றேன். "நான்தான் ஒயரப் புடுங்கினேன்."

தேவிப்பிரியா என் பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"ஏன் புடுங்கினீங்க?" என்றார் பானுமதி அம்மாள்.

எழுபத்து மூன்று வயதில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் அதைச் சொன்னேன். "எங்க பொண்ணு மேல சந்தேகம். அந்த ஆளுக்கும் இவளுக்கும் பழக்கம்னு நெனச்சேன். மாசக்கணக்கா அவ முதுகுக்குப் பின்னாடி ஒக்காந்து ஒட்டுக் கேட்டேன். அன்னைக்கு அவ அழுதா. இது அந்தச் சண்டைதான்னு புடுங்கிட்டேன். அவரு வாயத் தொறந்தபடி நின்னுட்டாரு. எதையும் சொல்லிக் குடுக்கல. அதுக்கப்பறம் அவளா மாடியில போய் ஒக்காந்து எழுதினா. நான் கீழ இருந்து பாத்துகிட்டே இருந்தேன், போன் பேசறாளான்னு. பேசல."

மூன்றாவது ஆள் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

"இதுல எந்த வார்த்தைய நாங்க நம்பறது?" என்று பானுமதி அம்மாள் கேட்டார். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"மொதல்ல சொன்னது எங்க மானத்தக் காப்பாத்தச் சொன்னதுங்க. இது மானத்த வுட்டுட்டுச் சொல்றது. காப்பாத்தறதுக்கு மனுசன் பொய் சொல்லுவான். வுட்டுட்டு எவனாச்சும் பொய் சொல்லுவானா?"

மாதவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்களை வெளியே அனுப்பினார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சு. அவள் உட்காரவில்லை.

"அந்த ஒயருக்காக நான் நெட்டுக்காரங்ககிட்ட எவ்ளோ சண்ட போட்டேன்," என்றாள். "ஒரு தடவதானா?"

"இன்னும் ரெண்டு மூணு தடவ."

"நான் அழுதா காரணம் கேக்கணும்னு தோணல. புடுங்கணும்னுதான் தோணுச்சு. இல்ல?"

ஊர்ப் பஞ்சாயத்தில் எத்தனை பேரை இப்படிப் பதில் இல்லாமல் நிற்க வைத்திருப்பேன். "தப்புதான்," என்றேன். என் வாயில் அந்தச் சொல் வந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைவில்லை.

"நீங்க ஊருக்குப் போங்க பெரியப்பா. நான் ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன். அங்க வந்து ஒக்காந்தா என் முதுகு கூசும்."

தனியாகத் திரும்பினேன். ஒருவேளை அந்த வழுக்கைத் தலையர் பெரிய இடத்து ஆட்களைப் பிடித்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்ற சந்தேகம் ஓசூர்வரை கூடவே வந்தது. வீட்டில் சசிகலா என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். ஒரு வாரம் அப்படித்தான் வைத்தாள்.

புரட்டாசி நடுவில் போன் வந்தது. சசிகலாவுக்குத்தான். நான் பக்கத்து அறையில் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தக் கட்டுரையைத் திருத்தச் சொல்லிவிட்டார்களாம். முதல் பெயர் தேவிப்பிரியா. மாதவராஜ் பெயர் அதற்குப் பின்னால். இனி அவள் பானுமதி அம்மாளிடம் வேலை செய்வாள். சசிகலா அழுதாள், சிரித்தாள். படுத்திருந்த தர்மன், "எம் பொண்ணு, எம் பொண்ணு," என்று கத்தினான்.

நான் எழுந்து கதவருகில் போய் நின்றேன்.

"பெரியப்பா நிக்கறாரு. குடுக்கட்டுமா?" என்று சசிகலா கேட்டாள்.

நான் கையை நீட்டினேன்.

"வேணாம்மா. தீபாவளிக்கு வரேன்னு மட்டும் சொல்லு."

சசிகலா என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டேன் என்று தலையை ஆட்டினேன்.